ஜே. எம். பேரி: எழுத்தாளர்களின் கிரிக்கெட் அணியும் ஒரு போரும்

லண்டன் கென்சிங்டன் பூங்காவின் நீர்க்கரையோரம், குழல் ஊதும் சிறுவன் ஒருவனின் வெண்கலச் சிலை 1912ஆம் ஆண்டு முதல் நின்று கொண்டிருக்கிறது. வளர மறுத்த சிறுவனான பீட்டர் பானின் சிலை அது. அச்சிறுவனைப் படைத்த நாடகாசிரியர் ஜேம்ஸ் மத்தியூ பேரியின் பெயரை உலகின் பல பாகங்களிலும் உள்ள வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் அவர் ஒரு கிரிக்கெட் அணியின் தலைவராக 26 ஆண்டுகள் இருந்தவர் என்பது அந்த அளவுக்குப் பரவலாக அறியப்பட்ட செய்தி அல்ல. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், ஜீவ்ஸ் என்ற பணியாளரைப் படைத்த பி. ஜி. வுட்ஹவுஸ், வின்னி த பூ என்ற கரடியைப் படைத்த ஏ. ஏ. மில்ன், படகில் மூவர் பயணம் செய்த கதையை எழுதிய ஜெரோம் கே. ஜெரோம் ஆகியோர் அந்த அணிக்காக வெவ்வேறு காலங்களில் விளையாடியிருக்கிறார்கள்.

1887இல் தொடங்கிய அந்த அணி 1913இல் தனது கடைசி ஆட்டத்தை ஆடியது. அடுத்த ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. பேரியின் வாழ்க்கையை அந்த அணியின் கதையோடு சேர்த்துப் பார்த்தால், நகைச்சுவையும் நட்பும் நிறைந்த ஒரு வட்டம் எவ்வாறு ஒரு தேசத்தின் போருக்குள் இழுத்துச் செல்லப்பட்டது என்பதும் தெரியவரும்.

நெசவாளரின் மகன்

பேரி 1860ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிரிமியூர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை டேவிட் பேரி கைத்தறி நெசவாளர். தாயார் மார்கரெட் ஓகில்வி. பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாமவர் ஜேம்ஸ். விசைத்தறிகளின் வரவால் கைத்தறியை நம்பியிருந்த குடும்பங்கள் நலிவடையத் தொடங்கியிருந்த காலம் அது. கல்வி ஒன்றே தமது பிள்ளைகளைக் கரையேற்றும் என்று அக்குடும்பம் உறுதியாக நம்பியது.

1867 ஜனவரியில் அக்குடும்பத்தின் மீது பேரிடி விழுந்தது. தாயின் மிகுந்த அன்புக்குரிய மகனான டேவிட், பனிச்சறுக்கு விபத்தொன்றில் உயிரிழந்தான். மறுநாள் அவனுக்கு 14 வயது நிறையவிருந்தது. துயரத்தில் மூழ்கிப் படுக்கையில் கிடந்த தாயைத் தேற்றுவதற்காக, ஆறு வயதான ஜேம்ஸ் இறந்த அண்ணனின் உடைகளை அணிந்து, அவனைப் போலவே சீழ்க்கையடித்துக் காட்டினான்.

இறந்த டேவிட்டுக்கு இனி வயது ஏறப்போவதில்லை, அவன் என்றும் சிறுவனாகவே இருப்பான் என்ற எண்ணத்தில் அந்தத் தாய் ஓரளவு ஆறுதல் கண்டார். பீட்டர் பான் என்ற பாத்திரத்தின் வேர் இங்குதான் இருக்கிறது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். இறப்பின் மூலமாக மட்டுமே ஒரு சிறுவன் என்றும் சிறுவனாக இருக்க முடியும் என்ற கசப்பான உண்மையை, பேரி பள்ளிப் பருவத்திலேயே கண்டுவிட்டார்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1882இல் பட்டம் பெற்ற அவர், நாட்டிங்ஹாமில் ஒரு நாளேட்டுக்குத் தலையங்கம் எழுதும் பணியில் சிறிது காலம் இருந்தார். 1885இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். சொந்த ஊர் நெசவாளர்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய சித்திரங்கள் ஆங்கில வாசகர்களிடையே வரவேற்பைப் பெற்றன. 1891இல் வெளியான நாவலொன்று அவரை நாடறிந்த எழுத்தாளராக்கியது.

புகழ் வந்தபோதிலும் அவர் கூச்ச சுபாவம் உள்ளவராகவே இருந்தார். ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரம், மெலிந்த உடல், ஓயாத இருமல், நீண்ட மௌனங்கள். விருந்துகளில் பேச்சின்றி அமர்ந்திருக்கும் இந்த மனிதர், நண்பர்களைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்வதற்குக் கண்ட வழிதான் கிரிக்கெட்.

பெயரில் ஒரு பிழை

1887ஆம் ஆண்டு, பேரியும் அவரது நண்பர்களும் சர்ரே மாவட்டத்தின் ஷியர் கிராமத்து அணியுடன் ஆடுவதற்காக ரயிலில் புறப்பட்டனர். அவர்களில் பலருக்குக் கிரிக்கெட் ஆடத் தெரியாது என்ற உண்மை பயணத்தின்போதுதான் பேரிக்கு முழுமையாகப் புலப்பட்டது. உடன் வந்தவர்களில் ஆப்பிரிக்கப் பயணங்களுக்காகப் பேர்பெற்ற ஜோசப் தாம்சன், பால் டு ஷாயு ஆகிய இருவரும் இருந்தனர்.

கடவுளே எங்களைக் காப்பாற்று என்பதை மூர்களின் மொழியில் எப்படிச் சொல்வது என்று அந்த நாடாய்வாளர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹு அக்பர் என்று பதில் வந்தது. அதையே பெயராக வைத்துக்கொண்ட அணி, பின்னர் தலைவரின் பெயரையும் அதனுடன் இணைத்து அல்லாஹக்பேரீஸ் என்று தன்னை அழைத்துக்கொண்டது.

அந்த அரபுச் சொற்றொடரின் பொருள் இறைவன் மிகப் பெரியவன் என்பதே. உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் தொழுகையில் உச்சரிக்கும் சொற்கள், ஒரு ரயில் பெட்டியில் தவறான பொருளுடன் வேடிக்கைப் பெயராக மாறின. இதில் பகை நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியை ஐரோப்பிய வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்டிருந்த பத்தாண்டு அது. அந்நாடுகளைக் கடந்து வந்தவர்களும், அவர்களின் சொல்லை நம்பியவர்களும் அம்மக்களின் மொழியை எந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

முதல் ஆட்டத்தில் அந்த அணி 11 ஓட்டங்களுக்குச் சுருண்டது என்று அணியின் மரபுக்கதை சொல்கிறது. தோல்வியை அவர்கள் ஒரு பெருமையாகவே மாற்றிக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு முன்பு எதிரணியின் மைதானத்தில் பயிற்சி செய்யக்கூடாது, அது எதிரணிக்குத் தன்னம்பிக்கையைத்தான் கொடுக்கும் என்பது பேரி தமது வீரர்களுக்கு விதித்த கட்டளைகளில் ஒன்று.

அவரே மிக மெதுவாகப் பந்து வீசுபவர். தமது பந்து அவ்வளவு மெதுவாகச் செல்வதால், வீசிய பிறகு அது பிடிக்கவில்லையென்றால் ஓடிப்போய் எடுத்துவந்துவிட முடியும் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனாலும் அந்தப் பந்துகளுக்கு விக்கெட்டுகள் விழத்தான் செய்தன.

அணியின் தூணாக விளங்கியவர் கோனன் டாயில். அவர் உண்மையிலேயே தேர்ந்த ஆட்டக்காரர். புகழ்பெற்ற எம்.சி.சி. அணிக்காக 10 முதல்தர ஆட்டங்களில் ஆடியவர். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்தியது ஒரே ஒரு விக்கெட்தான். அது அக்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராகக் கருதப்பட்ட டபிள்யூ. ஜி. கிரேஸின் விக்கெட். 1900இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் கிரேஸ் சதம் கடந்திருந்த நிலையில் டாயில் அவரை ஆட்டமிழக்கச் செய்தார்.

பேரியும் டாயிலும் மைதானத்துக்கு வெளியேயும் கூட்டாளிகளாக இருந்தனர். 1893இல் இருவரும் இணைந்து எழுதிய இசை நாடகம் ஒன்று சவோய் அரங்கில் மேடையேறிப் படுதோல்வியடைந்தது. அந்தத் தோல்விக்கு ஆறுதலாக, ஷெர்லக் ஹோம்ஸ் பாணியில் ஒரு நையாண்டிக் கதையை எழுதி பேரி நண்பருக்கு அளித்தார். டாயிலின் தங்கை கணவரான இ. டபிள்யூ. ஹோர்னங், நாவலாசிரியர் ஏ. இ. டபிள்யூ. மேசன், கேலிச்சித்திரக்காரர் பெர்னார்ட் பார்ட்ரிட்ஜ், கட்டுரையாளர் இ. வி. லூகஸ் என்று அணியின் வட்டம் விரிந்தது.

விளையாட்டும் வர்க்கமும்

இந்த அணியைப் புரிந்துகொள்ள அக்கால ஆங்கிலக் கிரிக்கெட்டின் சமூக அமைப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். ஊதியமின்றி ஆடுபவர்கள் கனவான்கள் என்றும், ஊதியத்துக்காக ஆடுபவர்கள் ஆட்டக்காரர்கள் என்றும் பிரிக்கப்பட்டிருந்தனர். இரு தரப்பினருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறைகள் இருந்தன. பல மைதானங்களில் உள்ளே நுழையும் வாயில்கள்கூட வேறு. இந்தப் பாகுபாடு 1962இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த பேரி, பிறப்பால் கனவான்களின் பக்கத்தைச் சேர்ந்தவரல்ல. எழுத்து அவருக்குப் பணத்தைக் கொடுத்தது. அவரே உருவாக்கிய அணி, ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் ஓய்வுநேர உலகத்துக்குள் அவரை விருந்தாளியாக அல்லாமல் விருந்தளிப்பவராகவே நுழைய வைத்தது. யார் ஆடுவது, யார் எந்த வரிசையில் களமிறங்குவது என்பதை அந்த மைதானத்தில் தீர்மானித்தவர் அவர்.

அதே வேளை, அந்த வட்டத்துக்கு எல்லைகள் இருந்தன என்பதையும் மறுக்க முடியாது. ஆடுகளத்தில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. 1894இல் பேரி மணந்துகொண்ட நடிகை மேரி ஆன்செல் உள்ளிட்ட பெண்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாகவும் விருந்தோம்புபவர்களாகவும் இருந்தனர். கணவரின் நேரமும் கனிவும் நண்பர்களுக்கும் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சென்றுகொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தவர் மேரி. குழந்தைகள் இல்லாத அந்த மணவாழ்க்கை 1909இல் மணமுறிவில் முடிந்தது.

ஐந்து சிறுவர்கள்

1897இல் கென்சிங்டன் பூங்காவில் தமது நாயுடன் உலாவச் சென்ற பேரி, செவிலித்தாயுடன் வந்த ஜார்ஜ், ஜாக் என்ற இரு சிறுவர்களுடன் நட்புக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்த பீட்டரும் அவர்களுடன் இருந்தான். வழக்கறிஞர் ஆர்தர் லூவெலின் டேவிஸ், சில்வியா தம்பதியரின் பிள்ளைகள் இவர்கள். பின்னர் மைக்கேல், நிக்கோ என்ற இருவரும் பிறந்தனர்.

1900இல் பேரி தம்பதியர் சர்ரேயின் பார்ன்ஹாம் நகருக்கு அருகில், பிளாக் லேக் என்ற ஏரியை ஒட்டி ஒரு கோடைகால வீட்டை வாங்கினர். கிரிக்கெட் அணியின் நண்பர்கள் கூடும் இடமாக அது அமைந்தது. 1901ஆம் ஆண்டு கோடையில் டேவிஸ் குடும்பத்துச் சிறுவர்களும் அருகில் வந்து தங்கினர். ஏரிக்கரையில் கடற்கொள்ளையர் விளையாட்டு நாள்தோறும் நடந்தது. பேரி அதைப் புகைப்படங்களாக எடுத்து, இரண்டே பிரதிகள் கொண்ட ஒரு நூலாக அச்சிட்டார்.

நண்பர்கள் கிரிக்கெட் ஆடிய அதே ஏரிக்கரைச் சூழலில்தான் பீட்டர் பானின் கற்பனைத் தீவும் உருவாயிற்று. 1904 டிசம்பர் 27ஆம் தேதி லண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் பீட்டர் பான் நாடகம் முதன்முறையாக மேடையேறியது. சார்லஸ் புரோமன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் பெரும் செலவில் அதைத் தயாரித்திருந்தார். நாடகம் பெற்ற வெற்றி பேரியைப் பெரும் செல்வந்தராக்கியது.

ஆனால் உண்மையான சிறுவர்களின் வாழ்வில் துயரங்கள் தொடர்ந்தன. 1907இல் ஆர்தர் புற்றுநோயால் இறந்தார். 1910இல் சில்வியாவும் இறந்தார். ஐந்து பிள்ளைகளின் வளர்ப்புப் பொறுப்பைப் பேரி ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஜென்னி என்ற பெண் வர வேண்டும் என்று சில்வியா எழுதியிருந்த குறிப்பை, பேரி தம் கைப்படப் பிரதியெடுத்தபோது அந்தப் பெயர் ஜிம்மி என்றாகியிருந்தது. நண்பர்கள் பேரியை அழைத்த பெயர் ஜிம்மி. இது கைப்பிழையா, விருப்பத்தின் வெளிப்பாடா என்பது இன்றுவரை விவாதிக்கப்படுகிறது.

சிறுவர்களுடனான அவரது நெருக்கம் குறித்துப் பிற்காலத்தில் ஐயங்களும் எழுப்பப்பட்டன. ஐவரில் இளையவரான நிக்கோ, தாம் முதுமையடைந்த பிறகும் அத்தகைய ஐயங்களை உறுதியாக மறுத்தார். பேரியின் அன்பு உண்மையானது என்பதிலும், அது சிறுவர்களை மூச்சுமுட்ட வைக்கும் அளவுக்கு உரிமை கொண்டாடிய அன்பு என்பதிலும் அவரை ஆராய்ந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கடைசி ஆட்டம்

மூத்தவரான ஜார்ஜ், ஈட்டன் பள்ளியில் சிறந்த கிரிக்கெட் வீரராக வளர்ந்தார். 1912இல் பள்ளி அணிக்காக லார்ட்ஸ் மைதானத்தில் ஹாரோ பள்ளிக்கு எதிராக ஆடினார். முதல் சந்திப்பில் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தவர், 1913இல் பேரியின் அணியில் ஒரு வீரராகவே இடம்பெற்றார். பேரிக்கு அவ்வாண்டு பேரனெட் என்ற பட்டம் வழங்கப்பட்டிருந்தது.

1913இல் எடுக்கப்பட்ட அணியின் புகைப்படம் ஒன்று பல நூல்களில் வெளியாகியிருக்கிறது. பேரி, மில்ன், இ. வி. லூகஸ், லூகஸின் சகோதரர் பெர்சி, ஜார்ஜ் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். கோடைகால ஆடைகளில், அடுத்த ஆண்டும் சந்திப்போம் என்ற நிச்சயத்துடன் இருப்பவர்களின் தோற்றம் அது. அந்த அணி அதன் பிறகு கூடவேயில்லை.

மைதானத்திலிருந்து பிரசாரக் கூடத்துக்கு

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியது. செப்டம்பர் 2ஆம் தேதி, அரசின் போர்ப் பிரசாரப் பிரிவின் தலைவர் சார்லஸ் மாஸ்டர்மன், லண்டன் வெலிங்டன் ஹவுஸ் கட்டடத்தில் நாட்டின் முன்னணி எழுத்தாளர்களை இரகசியமாகக் கூட்டினார். எச். ஜி. வெல்ஸ், தாமஸ் ஹார்டி, ஜான் கால்ஸ்வொர்தி போன்றவர்களுடன் பேரியும் டாயிலும் அதில் கலந்துகொண்டனர்.

அம்மாதமே 53 எழுத்தாளர்கள் கையொப்பமிட்ட, பிரிட்டனின் போரை நியாயப்படுத்தும் அறிக்கையொன்று வெளியானது. பேரி, டாயில், ஜெரோம் ஆகியோர் கையொப்பமிட்டவர்களில் அடங்குவர். முன்பு இவர்களை ஒன்றுகூட்டியது ஒரு நண்பரின் அழைப்புக் கடிதம். இப்போது அழைத்தது அரசு. சுயவிருப்பத்தின் பேரில் உருவான ஒரு நட்பு வட்டம், அரசின் தேவைக்கு எவ்வளவு விரைவாகப் பயன்படக்கூடும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

பேரி, அணி நண்பர் மேசனுடன் அமெரிக்காவுக்கும் புறப்பட்டார். நடுநிலை வகித்த அந்நாட்டின் அனுதாபத்தைப் பெறுவதே பயணத்தின் நோக்கம். ஆனால் வெளிப்படையான பிரசாரம் எதிர்விளைவை உண்டாக்கலாம் என்று பிரிட்டிஷ் ராஜதந்திரிகள் அஞ்சியதால், அது பயனின்றிப் போயிற்று.

ஜார்ஜும் பீட்டரும் படையில் சேர்ந்திருந்தனர். 1915 மார்ச் 9ஆம் தேதி, சில்வியாவின் சகோதரர் கை டு மோரியே போர்முனையில் கொல்லப்பட்டார். இரண்டு நாட்கள் கழித்து ஜார்ஜுக்குப் பேரி ஒரு கடிதம் எழுதினார். போர் மகத்துவமானது என்ற எண்ணம் தம்மிடமிருந்து முற்றிலும் அகன்றுவிட்டதாகவும், இப்போது அது கொடூரமாக மட்டுமே தெரிவதாகவும் அதில் அவர் தெரிவித்திருந்தார். எழுத்தாளர்களின் அறிக்கை வெளியாகி ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

மார்ச் 15ஆம் தேதி பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஜார்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 21. இரண்டு மாதங்களுக்குள், ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட லூசிடேனியா கப்பலில், பீட்டர் பானை மேடையேற்றிய தயாரிப்பாளர் புரோமனும் உயிரிழந்தார்.

அணியின் மற்ற வீடுகளையும் இழப்பு விட்டுவைக்கவில்லை. ஹோர்னங்கின் ஒரே மகன் ஆஸ்கர் 1915 ஜூலையில் ஈப்ரு பகுதியில் கொல்லப்பட்டார். 1916 ஜூலையில் சோம் போரில் பெர்சி லூகஸ் உயிரிழந்தார். டாயிலின் மகன் கிங்ஸ்லி சோம் போரில் காயமடைந்து, 1918இல் நோயால் இறந்தார். மில்ன் சோம் போர்முனையில் பணியாற்றி நோயுற்றுத் திரும்பினார். பின்னாளில் போரைக் கடுமையாக எதிர்த்து நூலொன்றும் எழுதினார். வயது முதிர்ந்த நிலையில் பிரெஞ்சுப் படைக்கு அம்புலன்ஸ் ஓட்டிய ஜெரோம், போர் குறித்த மாயைகள் கலைந்தவராகத் திரும்பினார்.

வுட்ஹவுஸ் தமது புகழ்பெற்ற பணியாளர் பாத்திரத்துக்கு ஜீவ்ஸ் என்று பெயரிட்டது, 1913இல் தாம் பார்த்த வார்விக்ஷயர் அணியின் பந்துவீச்சாளர் பெர்சி ஜீவ்ஸின் நினைவாகவே. அந்தக் கதைகள் வெளிவரத் தொடங்கிய மறுவருடம், 1916 ஜூலையில், பெர்சி ஜீவ்ஸும் சோம் போரில் உயிரிழந்தார். இன்று உலகம் சிரித்தபடி உச்சரிக்கும் அப்பெயருக்குப் பின்னால் இளம் வயதில் மாண்ட ஒரு கிரிக்கெட் வீரர் இருக்கிறார்.

எஞ்சிய ஆண்டுகள்

இழப்புகளை இந்த நண்பர்கள் வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டனர். டாயில், இறந்தவர்களுடன் பேச முடியும் என்ற ஆவியுலகக் கொள்கையைப் பரப்புவதில் தமது எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டார். பேரி அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் 1918இல் அவர் எழுதிய ஓரங்க நாடகத்தில், போரில் மாண்ட மகன் தந்தையிடம் வந்து இயல்பாகப் பேசிவிட்டுப் போகிறான். நம்ப முடியாததை மேடையில் மட்டும் நிகழ்த்திக்கொண்டார் அவர்.

1921 மே மாதம், ஆக்ஸ்போர்ட் மாணவராக இருந்த மைக்கேல், நண்பர் ஒருவருடன் நீரில் மூழ்கி இறந்தார். அவருக்கு 21 வயது நிறைய ஒரு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. பேரியை முற்றாக உடைத்த மரணம் இதுதான் என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதற்கு மறுவருடம், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், அதன் ரெக்டர் என்ற முறையில், துணிவு என்ற பொருளில் அவர் மாணவர்களிடையே உரையாற்றினார். கூட்டங்களில் பேசத் தயங்குபவர் அன்று நீண்ட நேரம் பேசினார். போரையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் உரிமையை மூத்தவர்களிடம் மட்டுமே விட்டுவிட வேண்டாம், உங்களுக்குரிய பங்கைக் கேட்டுப் பெறுங்கள் என்பது அந்த உரையின் சாரம். 1914இல் மூத்தவர்களின் வரிசையில் நின்று கையொப்பமிட்ட ஒருவரின் வாயிலிருந்து வந்த ஒப்புதலாகவும் அதைக் கொள்ளலாம்.

கிரிக்கெட்டை அவர் கைவிடவில்லை. குளஸ்டர்ஷயரின் ஸ்டான்வே கிராமத்தில் கோடைகாலங்களைக் கழித்த அவர், அவ்வூர் அணிக்கு ஓலைக்கூரை வேய்ந்த ஓர் ஆட்டக்காரர் கூடத்தை அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தார். 1930இல் பிறந்த ஊரான கிரிமியூருக்கும் அத்தகைய கூடமொன்றை வழங்கினார்.

1929இல் அவர் செய்த கொடை இவை அனைத்திலும் பெரியது. பீட்டர் பானின் உரிமைகள் அனைத்தையும் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் மருத்துவமனைக்கு அவர் எழுதிக்கொடுத்தார். அதனால் கிடைக்கும் தொகையை வெளியிடக்கூடாது என்பது அவர் விருப்பம். 1987இல் பதிப்புரிமைக் காலம் முடிந்தபோது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பிரிட்டனில் அந்த நாடகத்துக்கான உரிமைத்தொகையை நிரந்தரமாகப் பெறும் உரிமையை நாடாளுமன்றம் அந்த மருத்துவமனைக்கு வழங்கியது.

1937 ஜூன் 19ஆம் தேதி, 77ஆவது வயதில் பேரி லண்டனில் காலமானார். அவரது விருப்பப்படி, கிரிமியூரில் பெற்றோரும் அண்ணன் டேவிட்டும் உறங்கும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சி நிற்பது

நண்பர்களுக்காக பேரி தனிச்சுற்றுக்கு அச்சிட்ட அணியின் கையேடு, 1950இல் மறுபதிப்புக் கண்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் கிரிக்கெட் உலகின் பேராளுமையான டான் பிராட்மன். 11 ஓட்டங்களில் சுருண்டதாகச் சொல்லப்படும் ஓர் அணியின் நூலுக்கு, உலகிலேயே அதிகச் சராசரி கொண்ட துடுப்பாட்டக்காரர் முன்னுரை எழுதியதைப் பேரி கேட்டிருந்தால் நிச்சயம் ரசித்திருப்பார். 2012இல் இங்கிலாந்தின் எழுத்தாளர்கள் சிலர், தமது முன்னோடிகளின் வழியில் மீண்டும் ஒரு கிரிக்கெட் அணியை அமைத்தனர்.

பேரியின் அணி கிரிக்கெட் வரலாற்றில் எந்தச் சாதனையையும் விட்டுச்செல்லவில்லை. வெற்றி தோல்வி பொருட்டல்ல, ஒன்றுகூடுவதே பொருட்டு என்று நம்பியவர்களின் கூட்டம் அது. அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது. தாங்கள் அனுபவித்த நீண்ட கோடைகாலத்தின் பாதுகாப்பை, தங்களுக்குப் பின் வந்த இளைஞர்களுக்கு அவர்களால் கொடுக்க முடியவில்லை. இன்னும் சொல்லப்போனால், அந்த இளைஞர்களைப் போருக்கு அழைத்த குரல்களில் அவர்களுடைய குரல்களும் இருந்தன.

வளர மறுத்த சிறுவனைப் படைத்தவர் என்றே பேரியை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் தம் வாழ்நாளில் கண்டவர்களில் டேவிட், ஜார்ஜ், மைக்கேல் ஆகிய மூவருக்கு வளரும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1913ஆம் ஆண்டின் அந்தப் புகைப்படத்தில் ஜார்ஜ் இன்னமும் இருபது வயது இளைஞராக நிற்கிறார். அவருக்கு அதன்பின் ஆடக் கிடைத்த கோடைகாலங்கள் அதிகமில்லை.